பிரிக்கும் பிரிவுக்குக் கிடைத்த பெருமை

உயிர் என்ற ஒன்று இந்த உலகில் தடையின்றி நடைபெற்று வருவதற்கு எங்கள் ஆராய்ச்சி நிறுவனமே காரணம். இதை நான் சொல்லவில்லை. நிறுவனத்தின் அறிமுகக் கையேடு, முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் சொல்கிறது. கையேட்டை எழுதியவன் நான்தான் என்றாலும், அச்சாகி வந்த பிறகு அதை முழுமையாக நம்பத் தொடங்கிவிட்டேன்.

நான் இங்கே மக்கள் தொடர்பு அலுவலர். தகுதி அடிப்படையில் தேர்வானவன். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் என் அக்காவின் கணவர் என்பது தற்செயல். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "சாப்பிட்டேன் மாமா" என்றேன். பதில் சரியாக இருந்ததால் வேலை கிடைத்தது.

அக்காவும் இங்கேதான் விஞ்ஞானி. புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஒட்டும் ஆய்வுக்கு மாமா தலைவர். ஒட்டியதைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்கு அக்கா தலைவி. வாயிற்காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோரும் அவர்களை 'ஒட்டுற டாக்டர்', 'பிரிக்கிற டாக்டர்' என்றே அழைப்பார்கள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே காரில் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் ஆளுக்கொரு திசையில் போவார்கள்.

எளிய வாசகர்களுக்காக இந்த மாபெரும் விஞ்ஞானத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிவைப்பது என் கடமை.

ஒரு ஊழியரை நினைத்துக்கொள்ளுங்கள். சாதுவானவர். தோள் தொங்கியிருக்கும். அவர் சட்டையில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று ஒரு பேட்ஜைக் குத்துகிறீர்கள். உடனே நெஞ்சு நிமிர்கிறது. கை பின்னால் போய்க் கட்டிக்கொள்கிறது. குரல் அடிவயிற்றிலிருந்து வருகிறது. ஆள் அதே ஆள்தான். அறிவு கூடவில்லை. ஆனால் வடிவம் மாறிவிட்டது. வடிவம் மாறியதால் அவர் செய்யும் காரியமும் மாறிவிட்டது. செல்லுக்குள் இருக்கும் புரதத்துக்கு அப்படிப்பட்ட பேட்ஜ்தான் பாஸ்பேட். அது மின்சுமையோடு வந்து உட்கார்கிறது. உட்கார்ந்ததும் புரதத்தின் ஒரு பகுதி அதை நோக்கி வளைகிறது, இன்னொரு பகுதி அலறிக்கொண்டு விலகுகிறது. புதிதாகப் பதவி வந்தவரிடம் சொந்தக்காரர்கள் நடந்துகொள்வது போல.

பேட்ஜைக் குத்தும் நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். அதற்கான செலவை ஏடிபி என்ற எரிபொருள் ஏற்றுக்கொள்கிறது. கழற்றும் நொதிக்கு பாஸ்படேஸ் என்று பெயர். சில புரதங்கள் பேட்ஜ் குத்தியதும் வேலையைத் தொடங்கும். சில புரதங்கள் பேட்ஜ் குத்தியதும் வேலையை நிறுத்திவிடும். இந்த இரண்டாவது வகையை விளக்குவதற்கு எங்கள் வளாகத்தில் உதாரணத்துக்குப் பஞ்சமே கிடையாது.

இந்த அமைதியான சூழலில்தான் எங்கள் இயக்குநர் ஒரு பயிலரங்குக்குப் போய்வந்தார். 'நேர்மறைச் சிந்தனையே நிர்வாகம்' என்பது தலைப்பு. திரும்பி வந்தவரின் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. அது எதற்கும் இறங்கவில்லை.

"இனிமே இந்த கேம்பஸ்ல 'இல்லை', 'கூடாது', 'வேண்டாம்' எதுவும் இருக்கக் கூடாது" என்றார்.

சுற்றறிக்கையை நான் தயாரித்தேன். அன்றே பணிகள் தொடங்கின. 'புகை பிடிக்காதீர்' என்ற பலகை 'தூய காற்றைச் சுவாசித்து மகிழ்வீர்' என்று மாறியது. படிக்கட்டுக்கு அருகில் இருந்த 'வழுக்கும் தரை' என்ற பலகையை 'விரைவான தரை' என்று மாற்றினோம். கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் அதில் எதிர்பார்த்ததைவிட விரைவாகவே கீழ்த்தளத்தை அடைந்தார்.

பலகைகள் தீர்ந்த பிறகு இயக்குநரின் பார்வை ஆய்வகங்கள்மேல் திரும்பியது.

"ஒட்டுறது நல்ல விஷயம். பாசிட்டிவ். பிரிக்கிறதுக்குன்னு தனியா ஒரு பிரிவு எதுக்கு? அதுவும் ஜன்னல் வச்ச ரூம்ல?"

"ஆழமான கேள்வி சார்" என்றேன். ஆழமான கேள்வி என்று யாரோ ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்.

ஆக, மதிப்பீட்டுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஒட்டும் பிரிவின் செயல்பாட்டை நேரில் பார்த்துத் திருப்தி அடைவது, பிரிக்கும் பிரிவின் அறையை மூடப் பரிந்துரைப்பது ஆகிய இரண்டும் அதன் திறந்த மனதோடு கூடிய நோக்கங்கள். குழுவின் உறுப்பினர் செயலாளராக என்னை நியமித்தார்கள்.

அன்று அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா என் தட்டை மேஜையில் வைத்த விதத்தில் ஒரு கருத்து இருந்தது.

"டேய், 'எதிர்மறைச் செயல்பாடுகள் களையப்படும்'னு எழுதினது நீதானே?"

"நான் எழுதலக்கா. வார்த்தைகளை ஒழுங்குபடுத்தினேன்."

"ஒட்டினதைப் பிரிக்க ஆள் இல்லன்னா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? வளருன்னு சொல்ற புரதம் சொல்லிக்கிட்டே இருக்கும். போதும்னு சொல்ல யாரும் இருக்க மாட்டாங்க. செல்லு பாட்டுக்குப் பெருகும். அதுக்கு என்ன பேரு?"

"வளர்ச்சி" என்றேன்.

"கட்டி" என்றாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "அறிவியல்ல உணர்ச்சிக்கு இடம் இல்லம்மா."

"சரி. இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

"வை."

"பாசத்தோட வைக்கணும். அது உணர்ச்சி. வேணாம்." பாத்திரத்தை மூடிவிட்டாள்.

எழுந்துபோகும்போது அவள் குரல் இறங்கியிருந்தது. "வேலைக்குச் சேர்ந்த நாளிலேருந்து ஒவ்வொண்ணா பிரிச்சு, சுத்தம் பண்ணி சேத்து வச்ச நொதி அத்தனையும் அந்த ஃப்ரீசர்ல இருக்கு. ரூமைப் பூட்டி கரண்டை நிறுத்தினா மறுநாள் அது வெறும் கூழு. அப்புறம் ஒட்டுற டாக்டர் மட்டும் ஒட்டிக்கிட்டே இருக்கட்டும்."

மாமா தட்டைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

குழு வரும் நாளுக்காக மாமா ஓர் அற்புதத்தைத் தயாரித்திருந்தார். அவர் ஆய்வகத்திலேயே வளர்த்தெடுத்த ஒரு புரதம். அதன் இரண்டு முனைகளிலும் ஒளிரும் பகுதிகளைப் பொருத்தியிருந்தார். பாஸ்பேட் இல்லாதபோது அது நீட்டி நிமிர்ந்து கிடக்கும். விளக்குக்கு அடியில் நீலமாகத் தெரியும். பாஸ்பேட் ஒட்டியதும் மடங்கும்; இரண்டு முனையும் நெருங்கும்; மஞ்சளாக ஒளிரும். ஒரு புரதம் வடிவம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். உண்மையிலேயே அழகான காட்சி. இதைச் சொல்ல எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றாலும் உண்மை.

சாதாரணமாக இதைச் சொட்டுச் சொட்டாகத்தான் செய்வார்கள். மாமா, "வர்றது பெரிய கமிட்டி. சின்னக் குழாய்ல காட்டினா மரியாதையா இருக்காது" என்று, கையிருப்பில் இருந்த புரதம் முழுவதையும் ஒரே பெரிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிவைத்தார். கைனேஸும் ஏடிபியும் பக்கத்தில் ஐஸில் காத்திருந்தன. தலைவர் உள்ளே நுழையும்போது ஊற்ற வேண்டும். அவர் உட்காரும்போது மஞ்சள் மலர வேண்டும்.

வாயிற்காவலரிடம், "பெரிய கார் வந்ததும் எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லியிருந்தேன். பெரிய கார் வந்தது. காவலர் சல்யூட் அடித்தார். எனக்குப் போன் வந்தது. நான் கையைக் காட்ட, மாமா ஊற்றினார். நீலம் மெதுவாக மஞ்சளாகி, குழாய் முழுவதும் விளக்கேற்றியது போல ஒளிர்ந்தது. நாங்கள் கைதட்டினோம்.

காரிலிருந்து இறங்கியவர் ஏசி மெக்கானிக்.

குழு வந்து சேர்ந்தபோது குழாய் மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டே இருந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழுவின் தலைவர் பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர். புரதத்தைப் பற்றி முன்முடிவு எதுவும் இல்லாதவர் வேண்டும் என்று தேடியதில் கிடைத்தவர். கூட வந்த உறுப்பினர் ஒரு தணிக்கை அதிகாரி அம்மா. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவார். பார்த்ததையும் பாதிதான் நம்புவார்.

"ம்… மஞ்சளா இருக்கு" என்றார் தலைவர்.

"ஆமா சார். பாஸ்பேட் ஒட்டியிருக்கு. வடிவம் மாறியிருக்கு" என்றார் மாமா.

"வடிவம் மாறிடுச்சா?" தலைவர் பின்வாங்கினார். "எங்க துறையில வடிவம் மாறினா அதுக்குப் பேரு விபத்து. அப்புறம் விசாரணை."

"இங்கே மாறினாத்தான் சார் வேலை நடக்கும்."

"மாறுறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"நீலமா."

"நான் பாக்கலையே."

"நாங்க பாத்தோம் சார். கைகூடத் தட்டினோம்" என்றேன் நான்.

தணிக்கை அம்மா பேனா மூடியைக் கழற்றினார். "நேரில் காணப்பட்டது: ஒரு குழாயில் மஞ்சள் தண்ணீர். இப்படித்தான் நான் எழுத முடியும்."

"திரும்ப நீலமாக்கிட்டு, நாங்க பாக்க மஞ்சளாக்குங்க. அவ்வளவுதானே?" என்றார் தலைவர், பெருந்தன்மையாக.

மாமா என்னைப் பார்த்தார். நான் ஏசியைப் பார்த்தேன்.

ஒட்டுவது எப்படி என்று மாமாவுக்குத் தெரிந்த அளவுக்கு இந்தக் கண்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. கையேட்டில் போட்டிருக்கிறேன். ஆனால் ஒட்டியதை எடுக்க அவரிடம் ஒரு துளி சரக்கு இல்லை. இருக்கவும் முடியாது. பாஸ்படேஸ் ஒரு சிட்டிகை உள்ளே வந்தாலும் அவர் மாதக்கணக்கில் ஒட்டியதெல்லாம் உரிந்துவிடும். அதனால் அவர் ஆய்வகக் கதவில் 'பாஸ்படேஸுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு பலகை தொங்கியது. வளாகத்தில் மிச்சமிருந்த ஒரே 'இல்லை' அதுதான். அந்தப் பலகை எந்த நொதியைக் குறிக்கிறது என்பதும், அந்த நொதி எந்த ஊதா நிறச் சேலையில் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருமுறை எட்டிப்பார்த்ததைத் தவிர அக்கா அந்தக் கதவைத் தாண்டியதே இல்லை. வீட்டில் அதே கை பரிமாறித்தான் மாமா மூன்று வேளையும் சாப்பிடுகிறார் என்பதை விஞ்ஞானம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"நீ போய்க் கேளேன்" என்றார் மாமா காதோடு காதாக.

"என்னன்னு கேக்கறது?"

"கொஞ்சமா குடுக்கச் சொல்லு. எதுக்குன்னு சொல்லாதே."

தாழ்வாரத்தின் கோடியில், பாத்திரங்கள் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் அக்காவின் அறை. ஜன்னலோரம் உட்கார்ந்து குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் பாஸ்படேஸ் கிடைக்குமா? சும்மாதான்."

"எதுக்கு? காபியில போடவா?"

"மாமா கேட்டாரு."

அவள் திரும்பவே இல்லை. "நான் எதிர்மறைச் செயல்பாடுடா. என்னைக் களையணும்னு சர்க்குலர் வந்திருக்கு. வார்த்தையெல்லாம் ரொம்ப ஒழுங்கா இருந்துச்சு."

வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். ஏசி மெக்கானிக் வந்த இடத்தில் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. மாமா மொத்தப் புரதத்தையும் ஒரே குழாயில் ஊற்றிவிட்டார் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மொத்தத்தையுமா?"

"மொத்தத்தையும்."

"கமிட்டிக்கு மரியாதைன்னு சொல்லியிருப்பாரே?"

"அதேதான்."

"அப்ப நானே வர்றேன். குடுத்தனுப்ப மாட்டேன். அந்தப் பலகையை நீ கழட்டிப் பிடி."

ஒரு ஐஸ் பெட்டியையும், உள்ளங்கை அகலத்தில் ஒரு காந்தத்தையும் எடுத்துக்கொண்டு அக்கா தாழ்வாரத்தில் நடந்து வந்தாள். கதவில் தொங்கிய பலகையை நான் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். மாமா வழிவிட்டார்.

"பாத்து ஊத்தும்மா" என்றார்.

"நீங்க பாத்து ஊத்தியிருந்தா நான் எதுக்குங்க வரப்போறேன்?"

அவளுடைய பாஸ்படேஸ் சின்னச் சின்னக் காந்தத் துகள்களில் ஒட்டியிருந்தது. பழுப்புநிற மசி போல இருந்த அதைக் குழாயில் விட்டு அசைத்தாள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். மஞ்சள் கொஞ்சம் மங்கியது. அப்படியே நின்றது.

"என்ன நடக்குது?" என்றார் தலைவர்.

"உள்ளே அவரோட கைனேஸ் இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கு சார். என்னோடது பிரிச்சுக்கிட்டே இருக்கு."

"யார் ஜெயிப்பாங்க?"

"எரிபொருள் தீர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வேலை செய்வாங்க. பாக்கறவங்களுக்கு ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும்."

"செலவு?" என்றார் தணிக்கை அம்மா.

"அது மட்டும் நடக்கும்."

தலைவர் மெதுவாகத் தலையசைத்தார். தம் வாழ்நாள் முழுவதும் பார்த்த அலுவலகங்கள் எல்லாம் அந்தக் குழாய்க்குள் ஒரு கணம் தெரிந்திருக்க வேண்டும். தணிக்கை அம்மாவும் முதல்முறையாக எதையோ முழுதாக நம்பினார்.

ஏடிபி தீர்ந்தது. மஞ்சள் வடிந்தது. குழாய் அடியிலிருந்து நீலம் ஏறி வந்தது. மழை விட்ட வானம் போல இருந்தது என்று எழுதினால் மிகை என்பார்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது.

அக்கா காந்தத்தைக் குழாயின் பக்கவாட்டில் வைத்தாள். துகள்கள் எல்லாம் ஓடிவந்து கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டன. தெளிந்த நீலத்தை மட்டும் இன்னொரு குழாயில் ஊற்றி மாமாவிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. இப்ப உங்க வேலை."

மாமா புதிதாக ஏடிபி விட்டார். மஞ்சள் மலர்ந்தது. தலைவர், "அட!" என்றார். பாலம் கட்டியவர் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"இன்னொரு தடவை!"

அக்கா ஒளியை அணைத்தாள். மாமா எரியவிட்டார். இன்னொரு தடவை. அடுத்த தடவை காந்தத்தைத் தலைவரே பிடித்தார். "நான் பிடிக்கிறேன், நீங்க அசைங்க" என்று தணிக்கை அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு அசைத்தார். யாரும் டீயைத் தொடவில்லை.

"இது திரும்பத் திரும்ப மாறுதே, உடையலையே!" தலைவர் வியந்துகொண்டே இருந்தார். "வளைஞ்சா நேரா வர்ற மாதிரி ஒரு பாலம் கட்ட முடிஞ்சிருந்தா எனக்கு ரெண்டு விசாரணை மிச்சமாயிருக்கும்."

"அணைக்க முடிஞ்சாத்தான் சார் எரியவிட முடியும்" என்றார் மாமா, அந்தக் கணத்தில் தாமே கண்டுபிடித்தவர் போல.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இதைத்தானேங்க நான் கல்யாணத்தன்னிக்கே சொன்னேன்?"

"அன்னிக்கு மேளச் சத்தம் அதிகம்."

குழுவின் அறிக்கை என் பணிவாழ்வில் நான் ஒழுங்குபடுத்திய அறிக்கைகளிலேயே மிகச் சிறந்தது. 'ஒட்டும் ஆற்றலைப் போலவே பிரிக்கும் ஆற்றலும் உயிருக்கு இன்றியமையாதது. மேற்படி பிரிக்கும் பிரிவை மூடுவதென்ற பேச்சுக்கே இடமில்லை. அது என்றென்றும் நிலைபெற்றுச் சிறக்க ஆவன செய்யப்பட வேண்டும்.' இயக்குநர் படித்துக் கண்கலங்கினார். பிரிப்பதும் ஒரு நேர்மறைச் செயல்பாடே என்று மறுநாளே சுற்றறிக்கை வந்தது. அக்காவுக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. பேட்ஜ் ஒன்று குத்தினார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அவளே கழற்றி மேஜையில் வைத்துவிட்டாள்.

இத்தகைய ஒரு பிரிவை மேற்பார்வை இல்லாமல் விட்டுவிட முடியுமா? எனவே மதிப்பீட்டுக் குழு, 'பிரிக்கும் பிரிவின் பெருமையைப் பேணும் நிலைக்குழு'வாக உயர்த்தப்பட்டது. நிலைக்குழு என்றால் அதற்கு ஓர் அறை வேண்டும். வளாகத்தில் எல்லா அறைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். பிரிக்கும் பிரிவோடு நெருங்கிய தொடர்புள்ள அறையாக இருந்தால் மேற்பார்வைக்கு வசதி என்று தீர்மானிக்கப்பட்டது. அப்படி ஓர் அறைதான் இருந்தது.

அக்காவின் ஃப்ரீசர், கரண்டு ஒரு நிமிடம்கூட நிற்காமல், மாமாவின் ஆய்வகத்துக்கு நகர்ந்தது. ஒரு நொதிக்கும் சேதமில்லை. இப்போது இருவரும் ஒரே நீள மேஜையின் இரண்டு முனைகளில் வேலை செய்கிறார்கள். "அந்தப் பிப்பெட்டைத் தொடாதீங்க", "அது என் ஐஸும்மா", "இதுல உங்க பேரா எழுதியிருக்கு?" என்று தாழ்வாரம் வரை சத்தம் கேட்கிறது. ஆய்வு முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் நடப்பதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும் மேஜையில் பாதி என்பது பாதிதான். அவளுக்கு அவள் அறை வேண்டும்.

நேற்று கதவைத் தட்டினாள்.

"டேய், இந்தக் கமிட்டியை எப்படா கலைப்பீங்க?"

"அமைக்கிறதுக்கு விதிமுறை இருக்குக்கா. கலைக்கிறதுக்குன்னு தனியா எதுவும் எழுதலை."

"எழுதினது யாரு?"

"வார்த்தைகளை ஒழுங்குபடுத்தினது நான்."

அவள் என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நிலைக்குழு இதுவரை ஒருமுறையும் கூடவில்லை. தலைவர் ஊருக்குப் போய்விட்டார். தணிக்கை அம்மாவுக்கு வேறு தணிக்கை வந்துவிட்டது. உறுப்பினர் செயலாளர் என்ற முறையில் அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. மதியத்தில் நல்ல காற்று வருகிறது. சாப்பிட்ட பிறகு நான் அங்கேதான் தூங்குகிறேன்.